கல்யாணியை விரட்டிய வாசல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் 'பராசக்தி' திரையிடப்பட்ட பின் நம் செயலாளர் ஆற்றிய உரை)



குணசேகரன் கூண்டில் நின்று பேசும்போது பின்வரிசைத் தோழர்கள் கூடவே வசனம் சொன்னார்கள். நானும் சொன்னேன். 1952 தீபாவளிக்கு வந்த படம். கலைஞர் எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கியது. அண்ணன் பேச்சை மனப்பாடமாகச் சொல்கிற நாம் தங்கை கல்யாணியைப் பாதி வழியில் விட்டுவிடுகிறோம். நான் இன்று பேச வந்தது அவளைப் பற்றி.

கதை எங்கே தொடங்குகிறது? ரங்கூனில்! நம்மைப் போல் பிழைக்கப் போன அண்ணன்மார் மூவர். மதுரையில் தங்கைக்குக் கல்யாணம். போர்க்காலம், கப்பலில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. புறப்பட்டு வந்த குணசேகரனும் சென்னையில் பணத்தைப் பறிகொடுக்கிறான். பிழைக்கப் போனவன் திரும்ப முடியாமல் போனால் ஊரில் இருக்கிற பெண் என்ன ஆவாள்? அதுதான் இந்தப் படம். 1942-இல் பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அதை அறிந்தவர்கள் இதை வெறும் சினிமாக் கதை என்று தள்ளமாட்டார்கள்.

பிள்ளை பிறந்த அன்றே புருஷன் விபத்தில் சாகிறான். அந்த அதிர்ச்சியில் அப்பாவும் போகிறார். அவள் உழைக்கத்தான் பார்த்தாள். கள்ளச்சந்தைப் பணக்காரன் அவள் மானத்துக்கு விலை பேசினான். கோயிலுக்குப் போனால் பூசாரியும் அதே யோக்கியதை. (அந்தக் காட்சியைக் காட்டித்தான் படத்தைத் தடை செய் என்று அன்று கூச்சல் போட்டார்கள். பூசாரிக்குக் கோபம் வந்தது. கல்யாணிக்காக யாருக்கு வந்தது?)

என்னைச் சுட்டது வேறொரு காட்சி. பசியோடு ஒரு பெரிய வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். அது அவளுடைய அண்ணன், நீதிபதி சந்திரசேகரனின் வீடு. தங்கை என்று தெரியாமல் விரட்டிவிடுகிறார். பிறகு, குழந்தையை ஆற்றில் எறிந்த குற்றத்துக்காக அவளை விசாரிக்கிறவரும் அவரே! அந்தத் தாய்க்குப் பிள்ளை வேண்டாதது அல்ல, தோழர்களே. ஊருக்குத்தான் இருவருமே வேண்டாதவர்கள்.

குழந்தை விமலாவின் படகில் விழுந்து பிழைத்துக்கொள்கிறது. விமலாவாக நடித்தவர் கன்னட நாட்டுப் பண்டரிபாய். தீபாவளிக்கு வந்தவனை அழவிட்டு அனுப்ப முடியாது. படம் செய்துகொண்ட சமரசம் அது. நம் தெருவில் ஏது படகு?

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் தருமபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, எட்டு மாதக் கர்ப்பிணி, நம் சங்கத்துக்கு வந்தாள். புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். நான்தான் மேசையில் இருந்தேன். "சந்தா ரசீது இருக்கா? கல்யாணப் பத்திரிகை இருக்கா?" என்று கேட்டேன். "எடுத்துகிட்டு அடுத்த வாரம் வாம்மா" என்றேன். அவள் வரவில்லை. பிறகு கேள்விப்பட்டோம், தரகர் ஒருவர் மூலம் பிள்ளை கைமாறிவிட்டது என்று. "பெத்த பிள்ளையை வித்தவள்" என்றார் கமிட்டியில் ஒருவர். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று நான் தெரிந்துகொள்ளாமல் இருந்ததைச் சொல்கிறேன். வளர்க்க வழியில்லாத தாய், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. மனம் மாறித் திரும்பக் கேட்க இரண்டு மாத அவகாசம் உண்டு. காசுக்குக் கைமாற்றினால்தான் ஐந்து ஆண்டு வரை சிறை. 1098-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

அது கடைசி வழி. அதற்கு முன்பே அவளுக்கு உரிமை இருந்திருக்கும். 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் விபத்துச் சாவுக்கு உதவி உண்டு, பேறுகாலத்துக்கும் உண்டு. ஆனால் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்திருக்க வேண்டும். அவள் புருஷன் செய்யவில்லை. செய்யச் சொல்லி நாமும் அந்தச் சாரத்தடிக்குப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஓகலிபுரத்தில் மேசை போட்டு உட்காருகிறோம். சித்தாள், கொத்தனார், கம்பி கட்டுகிறவர், பெயிண்டர் எல்லோரும் வாருங்கள். ஆதார் அட்டையும், ஓராண்டில் 90 நாள் வேலை செய்ததற்கான சான்றும் கொண்டுவாருங்கள். சான்று தர மேஸ்திரி மறுத்தால் அவர் பெயரை மட்டும் சொல்லுங்கள், நாங்கள் போய்ப் பேசுகிறோம். சந்தா ரசீது கேட்கமாட்டேன்.