நீரும் நாதமும்

கலைக்கூடம் என்றால் கண்ணுக்கு விருந்தளிக்கும் இடம் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். சுவரிலே ஓவியம், நடுவிலே சிற்பம், வாயிலருகே காவலர், ‘தொடாதீர்கள்’ என்னும் அறிவிப்பு ஆகியவையே நம் நினைவில் எழும் காட்சி. செவிக்கு அங்கே வேலை எதுவும் இல்லை என்பது பலருடைய துணிபு. கடந்த சில பத்தாண்டுகளில் இந்நிலை மாறிவிட்டது. நீரையும் ஒலியையுமே கருவியாகக் கொண்டு கலைஞர்கள் படைப்புகளை அமைக்கிறார்கள். இவற்றை நிர்மாணக் கலை என்று வழங்குகிறோம். ஒரு பொருளைச் செய்து பீடத்தின்மேல் வைப்பதற்கு மாறாக, ஓர் இடத்தையே கலையாக்கி, அதனுள்ளே நம்மை அமரச் செய்வது இக்கலையின் இயல்பு. அங்கே சென்று அமர்ந்தவர்கள் மனம் அடங்கித் திரும்புவதாகப் பலரும் சொல்லக் கேட்கிறோம். அந்த அமைதி எவ்வாறு பிறக்கிறது, அதைக் கொண்டு நாம் செய்ய வேண்டுவது யாது என்னும் இரண்டு வினாக்களை இன்று ஆராய்வோம்.

முதலில் ஒரு படைப்பைப் பார்ப்போம். பிரெஞ்சு நாட்டின் நீஸ் நகரில் 1961-இல் பிறந்தவர் செலஸ்ட் பூர்சியே-மூஜெனோ. இவர் இசை பயின்றவர். நாடகக் குழு ஒன்றுக்குப் பல ஆண்டுகள் இசையமைத்தவர். பின்னர் மேடையை விட்டுக் கலைக்கூடத்துக்கு வந்தார். நீரில் பீங்கான் கிண்ணங்களை மிதக்கவிட்டு ஒலி எழுப்பும் படைப்புகளை 1990-களின் பிற்பகுதி முதல் இவர் அமைத்து வருகிறார். அவற்றுள் ஒன்றுக்குக் ‘கிளினாமன்’ என்று பெயர். அணுக்கள் நேரே விழுந்துகொண்டிருக்கையில், எதிர்பாராத கணத்தில் சற்றே வழி விலகுகின்றன என்றும், அந்த விலகலாலேயே உலகில் புதியவை தோன்றுகின்றன என்றும் பழைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் பாடினார். அந்தச் சிறு விலகலைக் குறிக்கும் லத்தீன் சொல்லே இப்படைப்பின் பெயராயிற்று.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் 2013-இல் இப்படைப்பின் ஒரு வடிவம் இடம்பெற்றது. 2025-ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் பாரிஸ் நகரில் அது இன்னும் பெரியதாக அமைந்தது. அங்கே அது இருந்த கட்டடத்தின் வரலாறு கவனிக்கத்தக்கது. 18-ஆம் நூற்றாண்டில் தானியச் சந்தையாக எழுந்து, 1889-இல் பண்டங்களின் விலை பேசும் வாணிக மன்றமாக மாறிய வட்டவடிவக் கட்டடம் அது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ அதைத் திருத்தியமைக்க, 2021-இல் கலைக்கூடமாகத் திறக்கப்பெற்றது. மேலே கண்ணாடிக் குவிமாடம். அதன் அடியைச் சுற்றிலும் கண்டங்களுக்கிடையே நடக்கும் வாணிகத்தைச் சித்திரிக்கும் ஓவியம். ஒரு காலத்தில் விலை கூவிய குரல்கள் நிறைந்திருந்த அவ்விடத்தில், 18 மீட்டர் விட்டமுள்ள நீலத் தடாகம் ஒன்றை அமைத்தார்கள். அதிலே வெண்மையான பீங்கான் கிண்ணங்கள், பெரியனவும் சிறியனவுமாக, மிதந்தன.

அப்படைப்பின் வேலைப்பாடு மிக எளியது. கண்ணுக்குத் தெரியாத பம்புகள் நீரில் மெல்லிய ஓட்டத்தை உண்டாக்குகின்றன. அந்த ஓட்டத்திலே கிண்ணங்கள் சுழன்று செல்கின்றன, ஒன்றையொன்று அணுகுகின்றன, சில தொடாமலே விலகுகின்றன, சில மோதிக் கணீரென்று ஒலிக்கின்றன. பெரிய கிண்ணத்தின் ஒலி தாழ்ந்து நிற்கும். சிறியதன் ஒலி ஓங்கி எழும். மிதக்கும் கிண்ணத்தை எந்தக் கையும் பற்றியிருப்பதில்லை. ஆதலின் அதன் அதிர்வு தடைப்படாமல் நெடுநேரம் நீண்டு தேய்கிறது. இரண்டு கிண்ணங்கள் எப்போது மோதும் என்பதைப் படைத்தவரும் அறியார். ஒருமுறை கேட்ட வரிசை மறுமுறை வருவதில்லை.

பீங்கான் கிண்ணமும் நீரும் சேர்ந்து இசை தரும் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. நம்முடைய ஜலதரங்கம் வேறென்ன? அறுபத்துநான்கு கலைகளின் பழைய பட்டியலிலேயே உதக வாத்தியம் என்ற பெயர் காணப்படுகிறது. ஜலதரங்கம் வாசிப்பவர் பீங்கான் கிண்ணங்களை அரைவட்டமாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் வேண்டிய அளவு நீர் ஊற்றிச் சுருதி சேர்க்கிறார். நீர் கூடினால் சுருதி தாழும், குறைந்தால் ஏறும். பிறகு மெல்லிய குச்சிகளால் விளிம்பைத் தட்டி ராகத்தை எழுப்புகிறார். குச்சியால் நீரை மென்மையாகத் தீண்டிக் கமகத்தின் சாயலையும் வரவழைக்கிறார். 1926-இல் பிறந்து 2013-இல் மறைந்த சீதா துரைசாமி அவர்கள் இந்த அரிய கருவியை நம் காலம்வரை கொணர்ந்து சேர்த்தவர்களுள் ஒருவர்.

இரண்டையும் ஒப்பிட்டால் வேற்றுமை புலப்படும். ஜலதரங்கத்திலே நீர் கிண்ணத்தின் உள்ளே அடங்கியிருக்கிறது. பாரிஸ் தடாகத்திலே கிண்ணம் நீருக்குள் அடங்கியிருக்கிறது. முன்னதில் வித்வான் ஒருவர் உண்டு, ராகம் உண்டு, தாளம் உண்டு. சமம் எங்கே வரும் என்று நாம் விரல் விட்டு எண்ணலாம். பின்னதிலோ வித்வானும் இல்லை, தாளமும் இல்லை. அடுத்த ஒலி எந்தத் திசையிலிருந்து வரும் என்று ஊகிக்க முடியாது. முதலில் நம் மனம் ஊகிக்க முயல்கிறது. ‘அதோ, அந்தப் பெரிய கிண்ணம் இதை இடிக்கப்போகிறது’ என்று காத்திருக்கிறது. அது இடிக்காமல் ஒதுங்கிப்போகிறது. இவ்வாறு பலமுறை ஏமாந்தபின் மனம் தன் கணக்கைக் கைவிடுகிறது. வருவது வரட்டும் என்று கேட்கத் தொடங்குகிறது. அமைதி பிறக்கும் இடம் இதுவே என்று நாம் கருதுகிறோம். ஒலி அங்கே இருந்துகொண்டுதான் இருக்கிறது. அதன்மீது நாம் செலுத்த விரும்பிய ஆதிக்கம் மட்டும் ஓய்ந்துபோகிறது.

நீரின் ஓசையைத் திட்டமிட்டு அமைக்கும் கலையும் இந்நாட்டுக்கு உரியதே. ஸ்ரீநகரத்து நிஷாத், ஷாலிமார் தோட்டங்களுக்கும், ஹரியானாவிலுள்ள பிஞ்சோர் தோட்டத்துக்கும் சென்றவர்கள் முகலாயர் வகுத்த நீரோட்டங்களைக் கண்டிருப்பார்கள். காஷ்மீரத்துத் தோட்டங்களில் ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்கு நீர் இறங்கும் இடத்தில் சாய்வான கல் ஒன்றைப் பதித்தார்கள். அதற்குச் ‘சாதர்’, அதாவது போர்வை, என்று பெயர். அக்கல்லின் முகத்திலே மேடுபள்ளமாகச் செதுக்கிய வேலைப்பாடு இருக்கும். வழவழப்பான கல்மீது நீர் சத்தமின்றி வழிந்துவிடும். செதுக்கிய கல்லிலோ அது சிதறி வெண்ணுரையாகிச் சலசலக்கும். ஆகவே, அந்தச் சிற்பி செதுக்கியது கல்லை மட்டுமன்று, ஓசையையுந்தான்.

இத்தகைய இடங்கள் பிற மாநில நகரங்களில் வாழும் நமக்கு ஏன் வேண்டும்? 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலுமே எல்லை. மும்பையிலோ பெங்களூரிலோ டில்லியிலோ பெருஞ்சாலையோரம் குடியிருப்பவர்க்கு இந்த எண்கள் வெறும் கனவாகவே தோன்றும். மின்சார ரயிலில் ஒரு மணி, பஸ்ஸில் அரைமணி, வீட்டுக்கு வந்தால் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி என்று நாள் கழிகிறது. கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு இமை இல்லை. ஆகவே மனமே இமையாகிவிடுகிறது. கேட்டும் கேளாதிருக்கப் பழகிக்கொள்கிறோம்.

பிழைப்புக்காகப் பிற மொழி வழங்கும் ஊரில் குடியேறிய நமக்கு இந்தப் பழக்கம் இருமடங்காக வாய்க்கிறது. புரியாத மொழியிலே பேச்சு நடக்கும்போது, அது நமக்குரியதன்று என்று செவி தானே ஒதுங்கிக்கொள்கிறது. சந்தையிலும் ரயிலிலும் மாடிப்படியிலும் மராத்தியோ இந்தியோ வங்காளியோ ஒலிக்கிறது. அதை இரைச்சலின் ஒரு பகுதியாகவே கொண்டு நடந்துவிடுகிறோம். பல ஆண்டுகள் ஒரே ஊரில் வாழ்ந்தும், அண்டை வீட்டுக்காரர் தம் குழந்தையை எவ்வாறு கொஞ்சுகிறார், எந்தச் சொல்லால் வருந்துகிறார் என்பதைக் கேளாமலே சிலர் இருந்துவிடுகிறார்கள். இது சிறிய இழப்பு அன்று. கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர்.

அமைதி எதற்காக என்னும் வினாவுக்கு வருவோம். இதற்கு விடை தரக்கூடிய நிகழ்ச்சி ஒன்று இந்திய இசையின் வரலாற்றிலேயே இருக்கிறது. அகமதாபாத்தின் சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946-இல் நியூயார்க் சென்றார். அங்கே ஜான் கேஜ் என்னும் அமெரிக்க இசைக் கலைஞரிடம் மேனாட்டு இசை பயின்றார். அதற்கு ஈடாக இந்திய இசையை அவருக்குக் கற்பித்தார். இசையின் நோக்கம் யாது என்று கேஜ் வினவினார். மனத்தைத் தெளிவித்து அடங்கச் செய்து, தெய்விகமான தாக்கத்தை ஏற்கும் பக்குவத்தை அதற்கு அளிப்பதே இசையின் பயன் என்று தம் ஆசிரியர் கூறியதைக் கீதா அவருக்கு எடுத்துரைத்தார். கேஜின் வாழ்க்கையில் அந்தச் சொல் ஆழமாகப் பதிந்தது. 1952-இல் அவர் அமைத்த படைப்பு ஒன்றில் கலைஞர் கருவியின் முன் அமர்ந்து 4 நிமிடம் 33 விநாடி எதையும் வாசிப்பதில்லை. அரங்கிலே இயல்பாக எழும் ஒலிகளே அங்கே இசை. கிண்ணங்கள் மிதக்கும் தடாகமும் அந்தப் பாதையில் வந்ததென்று கொள்ளலாம்.

கீதா அம்மையார் எடுத்துச் சொன்ன கருத்தின் இரண்டாம் பகுதியை நாம் மறந்துவிடலாகாது. மனம் அடங்குவதோடு காரியம் முடிந்துவிடவில்லை. அடங்கிய மனம் ஒன்றை ஏற்க வேண்டும். அமைதியே முடிவு என்றால், அது களைப்புக்கு ஒரு மருந்தாக நின்றுவிடும். அமைதி ஓர் ஆயத்தம் என்றால், அடுத்து வருவது ஒன்று உண்டு.

அந்த அடுத்த படியைக் காட்டிய படைப்பு ஒன்று நம் அண்டை மாநிலத்திலேயே அமைந்தது. கொச்சி-முசிறி பினாலே என்னும் கலைவிழாவின் மூன்றாம் பதிப்பு 2016 டிசம்பரில் தொடங்கியது. அதிலே சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீத்தா, கோட்டைக்கொச்சியில் ஆஸ்பின்வால் மாளிகையின் நீண்ட கிடங்கு ஒன்றில் கடல்நீரை நிரப்பினார். பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றி, ஆடையைச் சற்று உயர்த்திக்கொண்டு, அந்த நீரிலே நடந்தார்கள். முதலில் குளிர்ச்சி, காலடியில் நீர் விலகும் மெல்லோசை. ஆலயக் குளத்தின் படியில் இறங்கும் நிம்மதி அங்கே கிடைத்தது. பக்கச் சுவர்களில் நம் கேட்கும் திறனையும் காணும் திறனையும் உணரும் திறனையும் நோக்கி எழுப்பிய வினாக்கள் தொங்கின. எதிர்ச் சுவரில் கவிஞரின் வரிகள் காத்திருந்தன.

அப்படைப்பின் பெயர் ‘துன்பக் கடல்’. 2015 செப்டம்பரில் சிரியா நாட்டு அகதிகளின் படகு துருக்கிக் கரையருகே கவிழ்ந்தது. கரையொதுங்கிக் கிடந்த ஆலன் குர்தி என்னும் குழந்தையின் படம் உலகெங்கும் பரவியது. அதே படகில் அவனுடைய தாயும், காலிப் என்னும் அண்ணனும் மாண்டனர். தம்பியைப் போல் அந்த அண்ணனை உலகம் காணவில்லை. அந்தக் காலிப்புக்கே சுரீத்தா இப்படைப்பை உரிமையாக்கினார். சுரீத்தாவும் கடலின் துன்பத்தை அறிந்தவர். 1973-இல் சிலியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது கைதாகி, வால்பராய்சோத் துறைமுகத்தில் கப்பலொன்றில் அடைபட்டிருந்தவர் அவர்.

பாரிஸ் தடாகத்தின் நீரும் கொச்சிக் கிடங்கின் நீரும் வெவ்வேறு காரியங்களைச் செய்தன. முன்னது மனத்தை அடக்கியது. பின்னதோ, நடையின் மெதுவினால் அடங்கிவிட்ட மனத்தின் முன் ஒரு குழந்தையின் மரணத்தை வைத்தது. விரைந்து நடக்க நீர் இடம் தராது. செய்தித்தாளில் ஒரு நொடியில் புரட்டிவிடும் செய்தியை, அங்கே ஒவ்வோர் அடியாக நெருங்க வேண்டியிருந்தது. வேறு நாட்டவரின் துயரம், அறியாத மொழி பேசியவரின் துயரம், கால் நனைந்து நின்றவர்க்குத் தொலைவில் உள்ளதாகத் தோன்றியிராது. அமைதி எதற்காக என்பதற்கு அந்தக் கிடங்கே விடை சொல்லிற்று.

நாம் வாழும் நகரங்களிலும் கலைக்கூடங்கள் இருக்கின்றன. டில்லி, மும்பை, பெங்களூர் ஆகிய மூன்று இடங்களிலும் தேசிய நவீனக் கலைக்கூடம் உண்டு. அங்கே நீரும் நாதமும் எப்போதும் இருக்கும் என்பதில்லை. எனினும், ஒலிசார்ந்த படைப்பு எந்தக் கூடத்துக்கு வந்தாலும், ஞாயிற்றுக்கிழமையொன்றில் குழந்தைகளுடன் செல்லலாம். சென்றால், இரண்டு நிமிடத்தில் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடாமல் கால்மணி நேரமேனும் உட்கார வேண்டும். ‘இதற்கு என்ன பொருள்?’ என்று குழந்தை கேட்டால் உடனே விடை சொல்ல முயலாமல், ‘உனக்கு என்ன கேட்கிறது?’ என்று திருப்பிக் கேட்பது நலம்.

கூடத்துக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, இரண்டு மூன்று பீங்கான் கிண்ணங்களை மிதக்கவிட்டு, விரலால் நீரை ஒருமுறை சுழற்றிவிட்டால் போதும். கிண்ணங்கள் மோதி ஒலித்து ஓயும்வரை குழந்தைகள் பேசாமல் இருக்கட்டும். பிறகு சாளரத்தைத் திறந்துவிடுவோம். தெருவிலே காய்கறி விற்பவரின் கூவல் கேட்கும். கீழ்வீட்டுப் பாட்டி பேரனை அழைப்பது கேட்கும். அவர்கள் பேசுவது நம் மொழி அன்று. ஆயினும் அன்று அதைக் கேட்போம்.