வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் எடுத்துக்கொண்ட பொருள் மின்னஞ்சல் வழியே நடைபெறும் லொத்தர் மோசடி. ஆண்டு நிறைவு விழாவுக்கு இஃது ஏற்ற பொருளோ என்று சிலர் ஐயுறலாம். ஒரு குடும்பம் பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்ததைச் சில கிழமைகளுக்குள் கரைத்துவிடும் தீமை எதுவோ, அதனைப் பற்றிப் பேசுதல் எந்த அவைக்கும் பொருந்தும் என்பது எமது துணிபு.

அவ்வஞ்சல் வரும் விதத்தை முதலிற் காண்போம். உமது மின்னஞ்சல் முகவரி கணினிக் குலுக்கலில் தெரிவாகிப் பல இலட்சம் டொலர் பரிசு பெற்றுள்ளது என்று ஒரு நாள் செய்தி வரும். ஸ்பெயின் நாட்டின் நத்தார்க்கால லொத்தராகிய ‘எல் கோர்டோ’வின் பெயரோ, பிரித்தானியத் தேசிய லொத்தரின் பெயரோ, மைக்ரோசொப்ற் கொம்பனியின் பெயரோ அதன் தலைப்பில் விளங்கும். அந்நிறுவனங்களுக்கு அச்செய்தியோடு யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் இலச்சினை, பதிவிலக்கம், கையொப்பம் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். மறுமொழி எழுதியவருக்கு மிக்க மரியாதையுடன் பதில் வரும். பரிசை அனுப்பச் சிறு கட்டணம் வேண்டும் என்பார்கள். அதைக் கட்டினால் வரி; வரி கட்டினால் காப்புறுதி; பின்பு வழக்கறிஞர் கட்டணம். பரிசு மட்டும் வராது. ‘இத்தனை கொடுத்த பின்பு, இன்னும் கொஞ்சத்துக்காகக் கைவிடுவதா’ என்ற எண்ணமே அகப்பட்டவரை மேலும் மேலும் இழுத்துச் செல்லும். இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பது என்பார்கள் நம்மவர். இங்கே போடப்படும் இறாலும் மெய்யான இறாலன்று.

இம்மோசடி கணினியோடு பிறந்தது என்று எண்ணற்க. பிரான்ஸ் தேசத்தில் முதலிற் குற்றவாளியாகவும் பின்னர் பொலிஸ் துப்பறியும் பிரிவின் தலைவராகவும் இருந்த விடொக் என்பவர் 1828இல் வெளிவரத் தொடங்கிய தமது நினைவுக் குறிப்புகளில் இதன் மூதாதையை விவரித்துள்ளார். சிறையிலிருந்தவர்கள் செல்வர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். புதைத்து வைத்த திரவியம் ஒன்று உண்டு, அதனை எடுக்கச் சிறிது பணம் அனுப்புக என்பார்கள். நூறு கடிதம் எழுதினால் இருபதுக்கு மறுமொழி வந்ததாம். பின்னர் ஸ்பெயினிற் சிறைப்பட்ட செல்வர் ஒருவரின் பெயரால் அதே கதை கடல்கடந்து உலாவிற்று. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நைஜீரியாவிலிருந்து பெருகிய இத்தகைய கடிதங்களுக்கு, அந்நாட்டுக் குற்றவியற் கோவையின் 419ஆம் பிரிவைக் கொண்டு ‘நானூற்றுப் பத்தொன்பது’ என்றே பெயர் வழங்கலாயிற்று. யமேக்காவிலிருந்து அமெரிக்க முதியோரைத் தொலைபேசியில் அழைத்து லொத்தர்ப் பரிசு விழுந்ததென்று ஏமாற்றும் கூட்டங்கள் மலிந்தபடியால், 2013இல் அந்நாடு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. கதையிற் புதையல் போய் லொத்தர் வந்தது. முன்பணம் கேட்கும் சூது மாறவேயில்லை.

இனி, நாம் சிறப்பாகச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகின்றோம். இத்தகைய அஞ்சலைக் கண்டதும் நாம் சிரிக்கின்றோம். ‘இதை யார்தான் நம்புவார்’ என்று சொல்லி அழித்துவிடுகின்றோம். 2012இல் கோர்மக் ஹேர்லி என்னும் ஆராய்ச்சியாளர் இச்சிரிப்பைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஏமாற்றுவோர் நம்பத்தகாத கதையை ஏன் சொல்கின்றார்கள் என்பது அவர் எழுப்பிய வினா. அஞ்சலை இலட்சம் பேருக்கு அனுப்புவதற்குச் செலவு மிகக் குறைவு. மறுமொழி எழுதுபவரோடு நாட்கணக்காக எழுதிப் பேசுவதற்கே நேரமும் உழைப்பும் வேண்டும். ஆதலால் இடைவழியில் விழித்துக்கொள்ளக்கூடியவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிடுதல் மோசடிக்காரனுக்கு இலாபம். கதை நம்பத்தகாததாய் இருப்பதால் அவர்கள் தாமாகவே விலகுகின்றார்கள் என்பது அவர் காட்டிய விடை.

சுளகிலே புடைக்கும்போது பதர் பறந்து மணி தங்குவதை நாம் வீட்டில் நாள்தோறும் காண்கின்றோம். மோசடிக்காரனின் சுளகில் நாமெல்லாம் அவனுக்கு வேண்டாத பதர். தங்குகின்றவர் தனித்திருக்கும் முதியவர், கடன்பட்டவர், வேலையின்றி வாடுபவர். சிரித்துவிட்டு ஒருவருக்கும் சொல்லாமற் போகும் ஒவ்வொருவரும் அவனுடைய வேலையைச் சுலபமாக்குகின்றோம். அன்றியும், ஏமாந்த ஒருவரைப் பின்னர் கண்டும் நாம் சிரிக்கின்றோம். அச்சிரிப்புக்கு அஞ்சி அவர் வாய்திறவாதிருக்கின்றார். நகையை அடகுவைத்தேனும் இழந்ததை மீட்கலாமென்று மீண்டும் பணம் அனுப்புகின்றார். ஆகவே, நமது சிரிப்பு அவனுக்கு இருமுறை உதவுகின்றது.

இதனை அறிந்துகொள்ளும் அடையாளங்கள் சிலவற்றைச் சுருங்கச் சொல்வோம். சீட்டு வாங்காதவருக்குப் பரிசு விழாது. நமது நாட்டில் 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட தேசிய லொத்தர் சபையின் சீட்டை எடுத்துக்கொண்டாலும், சீட்டைக் கையில் வைத்திருப்பவரே பரிசைக் கேட்கமுடியும். பரிசு பெறுவதற்குமுன் பணம் கட்டச் சொல்வது மெய்யான லொத்தரில் இல்லை. அனுப்பியவரின் பெயர் பெரிய நிறுவனத்தினதாகவும், முகவரி எவரும் இலவசமாகப் பெறக்கூடியதாகவும் இருக்கும். இத்தனை நாளுக்குள் என்று அவசரப்படுத்துவார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, ‘பரிசு கைக்கு வரும்வரை எவருக்கும் சொல்லாதீர்’ என்னும் கட்டளை. மெய்யான நன்மை மறைக்கச் சொல்லாது. முன்பெல்லாம் பிழை மலிந்த ஆங்கிலமே மோசடியைக் காட்டிக்கொடுத்தது. இன்று செயற்கை அறிவின் உதவியால் பிழையற்ற தமிழிலும் அவ்வஞ்சலை எழுதலாம். வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் அனுப்பலாம். ஆதலின் மொழியழகை நம்பவேண்டாம்.

அஞ்சல் வந்தாற் செய்யவேண்டியது எளிது. மறுமொழி எழுதவேண்டாம், ஏசுவதற்காகவேனும் எழுதவேண்டாம். எழுதினால், இம்முகவரியில் ஆள் இருக்கின்றார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதிலுள்ள இணைப்பைத் திறக்கவேண்டாம். அடையாள அட்டையின் பிரதி, வங்கிக் கணக்கிலக்கம், கடவுச்சொல் எதனையும் கொடுக்கவேண்டாம். பிறருடைய பணத்தை உமது கணக்கில் வாங்கி அனுப்பித் தருக என்றால், அது குற்றத்துக்குத் துணைபோதல் என அறிக.

ஏற்கெனவே பணம் அனுப்பியவர் அந்தக் கணமே நிறுத்துக. வங்கிக்கு உடனே அறிவித்துக் கடவுச்சொற்களை மாற்றுக. அஞ்சல்களையும் பற்றுச்சீட்டுகளையும் அழிக்கற்க; அவையே சாட்சி. பொலிசாரிடமும், 2006இல் அமைக்கப்பட்ட ‘இலங்கை சேர்ட்’ நிறுவனத்திடமும் முறையிடலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நம் நாட்டில் உண்டு. அனுப்பிய பணம் திரும்புவது அரிது. ஆயினும் முறைப்பாடுகள் வீண்போவதில்லை. 2017இல் வெஸ்டேர்ண் யூனியன் கொம்பனி, தனது சேவை வழியே மோசடி நடைபெற இடங்கொடுத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, 58 கோடியே 60 இலட்சம் டொலர் செலுத்த அமெரிக்க அரசுடன் உடன்பட்டது. அப்பணம் ஏமாந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப் பயன்பட்டது. இழந்த பணத்தை மீட்டுத் தருவோம், கட்டணம் கட்டுக என்று வேறொருவன் வருவான். அவனும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவனாய் இருக்கலாம், எச்சரிக்கை வேண்டும்.

சகோதர சகோதரிகளே, இத்தகைய அஞ்சல் வந்தால் அழிப்பதற்கு முன் அதனை வீட்டாருக்கும் அயலாருக்கும் காட்டிச் சூதை விளக்குவோம். பெரியோர் ஒருவர் ‘தம்பி, இதென்ன கடிதம்?’ என்று கேட்டால் அலுத்துக்கொள்ளாது அருகிருந்து வாசித்துச் சொல்வோம். பெரியோர்களே, உங்களை நாம் வேண்டுவது ஒன்றே. ஐயம் தோன்றினால் பணம் அனுப்புமுன் எம்மிடம் கேளுங்கள். அனுப்பிய பின்னராயினும் கேளுங்கள். நாம் சிரிக்கமாட்டோம். அந்த உறுதியை இச்சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் இன்று ஏற்பாராயின், மோசடிக்காரனின் சுளகில் எவரும் தனித்துத் தங்கமாட்டார்.