மழை மாதங்களில் பாய்மரப் படகுக் குடித்தனம்

மலேசியாவின் வடமேற்கு மூலையில், அந்தமான் கடலும் மலாக்கா நீரிணையும் சேரும் இடத்தில் இருக்கிறது லங்காவித் தீவு. சோழர் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம்தான் கெடா. அந்தக் கெடா மாநிலத்தைச் சேர்ந்த தீவு இது. மேற்குக் கரையில் தெலாகா, தென்மேற்கில் ரெபாக் என்ற குட்டித் தீவு, தென்கிழக்கில் குவா நகரம் ஆகிய இடங்களில் பாய்மரப் படகுத் துறைகள் உள்ளன. படகையே வீடாக்கிக்கொண்டு உலகைச் சுற்றுபவர்கள் இங்கே மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீளும் மழை மாதங்களில் பலர் துறையை விட்டு அசைவதே இல்லை.

காரணம் பாதுகாப்பு. லங்காவி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 6 பாகையை ஒட்டி இருக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, காற்றைச் சுழற்றிப் புயலாக்கும் விசை தளர்ந்துவிடுகிறது. அதனால் இங்கே புயல் அரிது. ஆனால் மலாக்கா நீரிணையின் மறுகரையிலிருந்து ‘சுமத்ரா’ என்றே பெயர் பெற்ற சூறைக்காற்று வரும். பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில், இடியும் மழையுமாக வந்து, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதற்காக, கட்டும் கயிறுகளை இரட்டையாகப் போட்டு, உரசும் இடங்களில் குழாய்த் துண்டுகளைச் செருகி வைப்பார்கள். பாய்களைக் கழற்றி மடித்துவிடுவார்கள். மின்னல் வலுக்கும்போது கையடக்க வானொலிக் கருவியையும் ஜிபிஎஸ்ஸையும் அடுப்பறை ஓவனுக்குள் வைத்து மூடுவோரும் உண்டு. சுற்றிலும் உலோகம் இருப்பதால் மின்னலின் தாக்கம் உள்ளே எட்டாது என்ற நம்பிக்கை.

இத்தனைக்கும் பிறகு, தினமும் போராட வேண்டியது காற்றோடும் மின்னலோடும் அல்ல. படகுக்குள் தேங்கும் ஈரத்தோடுதான். நங்கூரமிட்ட படகு தன் முனையைத் தானாகவே காற்றின் பக்கம் திருப்பிக்கொள்ளும். முன்புறக் கூரைக் கதவைத் திறந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து பின்வாசல் வழியாக வெளியேறும். துறையில் கட்டிய படகுக்கு அந்த வசதி இல்லை. காற்று பக்கவாட்டில் வரலாம், பின்னாலிருந்து மழையைச் சுமந்துகொண்டும் வரலாம். கதவைத் திறந்தால் படுக்கை நனையும், மூடினால் புழுக்கம். இதற்கு நல்ல தீர்வு, படகின் மேல் முழுவதும் கான்வாஸ் பந்தல் இழுத்துக் கட்டுவது. பந்தலுக்குக் கீழே எல்லாக் கதவுகளையும் மழையிலும் திறந்து வைக்கலாம்.

உள்ளே ஈரத்தை உண்டாக்குவது மழை மட்டுமில்லை. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாக வெளிப்படுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எரிவாயுவில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவதுதான் காரணம். மூச்சும், வியர்வையும், காயப்போட்ட துணியும் இதோடு சேரும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி, காற்றோட்டமும் இல்லையென்றால் பூஞ்சணம் பூக்கத் தொடங்கும். தோல் செருப்பு, புத்தக அட்டை, பருத்தித் துணி, மெத்தையின் அடிப்பக்கம் எதையும் அது விடாது. ஆகவே மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்களைப் பரப்பி இடைவெளி விடுகிறார்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்தே வைக்கிறார்கள். சுவர்ப்பலகைகளை நீர் கலந்த வினிகரால் துடைக்கிறார்கள். துறையில் மின்சாரம் கிடைப்பதால், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறது. வீட்டு ஜன்னல் ஏசி ஒன்றைக் கூரைக் கதவின் மேல் பொருத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒழுகலைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. தளத்தில் ஒரு திருகாணியின் ஓரமாக நுழையும் நீர், உட்பலகைக்குப் பின்னால் வெகுதூரம் வழிந்து, சம்பந்தமில்லாத மூலையில் சொட்டும். சொட்டும் இடத்தை அடைப்பதால் பயன் இல்லை. மேலே ஒவ்வொரு பகுதியாகக் குழாய்நீர் விட்டு, உள்ளே ஒருவர் விளக்கோடு காத்திருந்துதான் நுழையும் இடத்தைப் பிடிக்க வேண்டும். மரப் படகுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சை உப்புநீரில் எளிதில் வளர்வதில்லை. மழையின் நன்னீர்தான் அதற்கு உகந்தது. அதனால்தான் மழை ஓய்ந்ததும் தேக்குத் தளத்தில் கடல்நீரை ஊற்றிக் கழுவும் வழக்கம் நிலைத்திருக்கிறது.

அதே மழைதான் குடிநீரும் தருகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பத்துச் சதுர மீட்டர் பந்தலில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 300 லிட்டர் சேரும். முதல் சில நிமிட நீர் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிப் போன பிறகு, பந்தலின் தாழ்ந்த நடுப்பகுதியிலிருந்து குழாய் வைத்துத் தொட்டியில் நிரப்புகிறார்கள்.

மழை பெய்த மறுநாள் வேலைகள் சில உண்டு. அடித்தளத்து நீரை வெளியேற்றும் பம்பு வேலை செய்கிறதா, அதன் பேட்டரியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளத்தின் வடிகால் துளைகளில் அடைத்த இலைகளை எடுக்க வேண்டும். அடைத்த துளையால் கட்டிய இடத்திலேயே படகு மூழ்கலாம். கரைக்குப் போகும் சிறு படகைக் கவிழ்த்து வைக்காவிட்டால், அதில் தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும்.

நவம்பர் வாக்கில் காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. டிசம்பரில் வானம் வெளுக்கிறது. பந்தல்கள் இறங்க, மெத்தைகள் தளத்தில் வெயில் காய்கின்றன. பாய்களை மீண்டும் ஏற்றிக்கொண்டு சிலர் வடக்கே புக்கெட்டுக்கும், சிலர் மேற்கே இலங்கையை நோக்கியும் கிளம்புகிறார்கள்.