எடுத்ததைத் திருப்பிக் கொடுப்போம்

  

நபி (ஸல்) அவர்களின் பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை சிறகை விரித்துப் பரிதவித்தது. அதனைக் கண்ணுற்ற நபியவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பி ஒப்படைக்குமாறு பணித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்சம்பவத்தின் படிப்பினையை நம் காலத்து நிகழ்வொன்றோடு பொருத்திப் பார்ப்போம்.

மடகஸ்கர் தீவின் மிகப் பெரிய ஏரி அலவோத்ரா. நீரில் மூழ்கி இரை தேடும் ஓர் அரிய வாத்தினம் அங்கு வாழ்ந்தது. அதனை மடகஸ்கர் போச்சார்ட் என்பர். சதுப்பு நிலங்கள் நெல்வயல்களாயின. காடழிந்த குன்றுகளின் மண் ஏரியில் படிந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்கள் பெருகின. வேட்டையும் வலைகளும் எஞ்சியவற்றைக் குறைத்தன. 1991இல் அங்கு ஒரேயோர் ஆண் வாத்து பிடிபட்டது. அதன்பின் அவ்வினம் அற்றுப்போயிற்று என்றே பலரும் கருதினர்.

சகோதரர்களே, சகோதரிகளே! அவ்வினத்தை அழிக்க வேண்டுமென்று எவரும் எண்ணியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தேவையானதைச் சிறிது சிறிதாக எடுத்தனர். திருப்பிக் கொடுப்பதை எவரும் நினைக்கவில்லை.

அல்லாஹ்வின் நாட்டத்தால் 2006இல் வடமடகஸ்கரின் ஒதுக்குப்புறமான சிற்றேரி ஒன்றில் அவ்வாத்துகள் மீண்டும் காணப்பட்டன. ஆனால் அவ்வேரி ஆழமானது. குஞ்சுகளுக்கேற்ற இரையும் அங்கு குறைவு. எனவே பெரும்பாலான குஞ்சுகள் சில வாரங்களிலேயே பசியால் மடிந்தன. ஆகவே 2009இல் ஆய்வாளர்கள் கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்து, பொரிக்கச் செய்து, குஞ்சுகளைப் பேணி வளர்த்தனர். அவற்றின் வழித்தோன்றல்களைப் பெருக்கி, 2018 டிசம்பரில் 21 வாத்துகளை சோபியா ஏரியில் விட்டனர். அவ்வேரிக்கரை மக்களும் இம்முயற்சியில் பங்குகொண்டனர்.

பாருங்கள்! இவர்களும் கூட்டிலிருந்து எடுத்தார்கள்; ஆயினும் திருப்பிக் கொடுப்பதற்காகவே எடுத்தார்கள். அமானிதத்தைப் பேணுவோரின் பண்பு இதுவே. பறவைகளும் நம்மைப் போன்ற சமூகங்களே என்பது அல்குர்ஆன் உணர்த்தும் உண்மை. அழிப்பது எளிது, மீட்பதற்கோ ஆண்டுகள் பல வேண்டும்.

நேயர்களே! உங்கள் ஊர்க் குளத்தை இன்று ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே கொட்டும் குப்பையும், கலைக்கும் கூடும், நிரப்பும் கரையும் மறுமையில் நம்மிடம் விசாரிக்கப்படக்கூடியவை என அஞ்சுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அதனைச் சொல்லிக் கொடுங்கள்.

அமானிதங்களை உரிய முறையில் நிறைவேற்றும் நன்மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.