மாதிரிக் கப்பலும் தூத்துக்குடித் தோணியும்



இலக்கிய வட்டத்தின் மேடையில் மரத்தாலான மாதிரிக் கப்பலைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். அந்த ஐயத்தைச் சிறிது நேரம் ஒத்திவைத்துக் கேட்குமாறு அவையோரை வேண்டுவது தவிர வேறு வழியில்லை. சொல்லைப் பேண விரும்புவோர்க்கு இது தொடர்பில்லாத பொருள் அன்று என்பது போகப்போகப் புலனாகும்.

பாய்மரக் கப்பலின் உறுப்புகளைச் சிற்றளவில் செய்து பெட்டியில் அடைத்து விற்பது மேலைநாடுகளில் நெடுநாளைய வணிகம். ‘கிட்’ என்று அதனை வழங்குவர். பெட்டியைத் திறந்தால் வரைபடத் தாள்கள், குறிப்பேடு, வெட்டி எடுத்த மரச் சட்டங்கள், தீப்பெட்டிக் குச்சியினும் மெல்லிய மரப்பட்டைகள், பித்தளை ஆணிகள், கயிற்றுக்கான நூற்கண்டுகள், பயறு அளவேயான கப்பிகள் ஆகியன இருக்கும். முதலில் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டையை நிறுத்துவர். அதில் விலா எலும்புகளைப் போலக் குறுக்குச் சட்டங்களைப் பொருத்துவர். பின்னர் மரப்பட்டைகளை நீரில் ஊறவைத்தோ சூடு காட்டியோ வளைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கங்களை மூடுவர். இறுதியாகப் பாய்மரமும் கயிறுகளும் ஏறும். கயிறு கட்டுவதற்கே பல மாதங்கள் ஆகும். பொறுமையில்லாதவர் இதில் இறங்குவதற்கில்லை.

இவ்வேலை பொழுதுபோக்காகத் தொடங்கியதன்று. 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் கடற்படைக் கப்பல்களுக்கு அளவு பிசகாத மாதிரிகளைச் செய்யும் வழக்கம் இருந்தது. புயலில் பிழைத்த மாலுமிகள் நேர்ச்சையாகச் செய்து தேவாலயத்தில் தொங்கவிட்ட சிறு கப்பல்களை ஐரோப்பியக் கரையெங்கும் காணலாம். முத்துக்குளித்துறைக் கரையில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கது மணப்பாட்டுச் சிலுவை மரபு. 1540-இல் புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பலின் முறிந்த பாய்மரமே அங்குச் சிலுவையாயிற்று என்பர். அங்கு மாதிரி தேவைப்படவில்லை. கப்பலின் உறுப்பே கரையேறிவிட்டது.

கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் எந்தெந்தக் கப்பல்கள் உள்ளன? 1805-ஆம் ஆண்டின் டிரபால்கர் போரில் நெல்சன் ஏறிய ‘விக்டரி’ உண்டு. 1869-இல் நீரில் இறங்கிய ‘கட்டி சார்க்’ உண்டு. கொலம்பசின் ‘சாந்தா மரியா’வும் உண்டு. சாந்தா மரியாவைப் பற்றி ஒரு செய்தி ஈண்டு நினைவுகூரத்தக்கது. அக்கப்பலின் மூல வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. அதன் உருவம் அறிஞர்கள் உய்த்துணர்ந்தது. ஊகத்திலிருந்து ஒரு கப்பல் பெட்டிக்குள் அடங்குமாயின், சென்ற தலைமுறை வரை பாய்விரித்து ஓடிய தூத்துக்குடித் தோணி ஏன் அடங்கக்கூடாது என்பதே இப்பேச்சு எழுப்ப விரும்பும் வினா.

தோணி இந்நகருக்கு என்ன செய்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கொற்கை மண்மேடிட்டுக் கடல் விலகியது. காயல் மங்கியது. தூத்துக்குடி எழுந்தது. ஆயினும் எழுந்த துறைமுகம் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரைக்கு ஏறத்தாழ 5 மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பஞ்சுப் பொதியும் உப்பும் கருவாடும் அவ்வைந்து மைலைத் தோணியில்தான் கடந்தன. 1906-இல் வ.உ. சிதம்பரனார் நிறுவிய சுதேசி நாவாய்ச் சங்கத்தை எண்ணும்போது, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. கரைக்கும் ஆழ்கடலுக்கும் இடையில் உழைத்த தோணிகள் நினைவில் இல்லை. அவை பெயர் பெறாமல் போனதில் வியப்பதற்கு ஏதுமில்லை. சுமப்பவரைச் சுமை மறைப்பது எங்கும் உள்ளதே.

1974-இல் பெருந்துறைமுகம் திறக்கப்பட்டதும் கப்பல்கள் நேரே தளத்தை அணைந்தன. ஏற்றியிறக்கும் பணி தோணியின் கையைவிட்டு நழுவியது. கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் ஓடிய பெருந்தோணிகள் நிலைத்தன; அவற்றிலும் பாய் இறங்கிப் பொறி ஏறிற்று. பழைய துறைமுகத்திலிருந்து மாலைத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் கொண்டு செல்லும் மரத்தோணிகள் இன்றும் உள. காற்றை மட்டும் நம்பிச் சென்ற தோணி இல்லை.

அத்தோணியை மாதிரியாகச் செய்வது எளிதென்றே முதலில் தோன்றும். ஜான் எடை என்னும் ஆங்கிலேயக் கப்பற் கட்டுநர், இந்திய, இலங்கைக் கரைகளின் கலங்களைப் பற்றி 1834-இல் வெளிவந்த தம் கட்டுரையில், சோழமண்டலக் கரைத் தோணி ஏறத்தாழ 70 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது என்று எழுதினார். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்னும் விகிதத்தில் குறைத்தால் பதினேழரை அங்குல நீளமும் ஐந்து அங்குல அகலமும் கிடைக்கும். மேசைமேல் வைப்பதற்கு ஏற்ற அளவுதான். ஆனால் நீளமும் அகலமும் தெரிந்தால் பெட்டி செய்யலாம். தோணி செய்ய முடியாது. தோணியின் உயிர் வளைவில் இருக்கிறது.

அந்த வளைவை அறிந்தவர் ஓடாவி. கலங்கட்டும் தச்சருக்குக் கடற்கரை வழங்கிய பெயர் அது. ஓடாவி வரைபடமின்றிக் கண்மதிப்பால் கட்டுகிறார் என்று வியப்பார் பலர். ‘நாட்டறிவு’ என்று பாராட்டி நகர்ந்துவிடுவார் சிலர். இரண்டுமே அரைகுறை. பாக்கு நீரிணைக் கரையின் ‘வத்தை’ என்னும் மீன்பிடிகலத்தை ஆய்ந்த ஷான் மக்ரெய்ல் முதலிய பிரித்தானியத் தொல்லியலார் (இவர்தம் ‘தெற்காசியப் படகுகள்’ என்னும் ஆங்கில நூல் 2003-இல் வெளிவந்தது) வேறொன்றைக் கண்டனர். கலத்தின் நடுப்பகுதிச் சட்டங்களின் வளைவுகளை ஓடாவி ஒரு பலகையில் கீறி வைத்திருக்கிறார். ஒரு சட்டத்திலிருந்து அடுத்தது எவ்வளவு குறுக வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. முனைகளை நெருங்கும் சட்டங்களை மட்டும், வளைத்துக் கட்டிய மரக்கீற்றுகளின் போக்கைப் பார்த்து இழைக்கிறார். வரைபடம் இருந்தது, தாளில் இல்லை என்பதே செய்தி. மத்தியதரைக்கடல் நாடுகளின் பழைய கட்டுமுறையோடு இதற்குள்ள ஒப்புமையையும் அவ்வாய்வாளர்கள் சுட்டினர்.

இதனோடு வைத்துப் பார்க்க ஒரு கப்பற்கதை உண்டு. திருகோணமலையின் பெயர் தாங்கிய ‘டிரிங்கோமலி’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தாரால் தேக்கு மரத்தில் கட்டி இறக்கப்பட்டது. அதன் வரைபடங்கள் இங்கிலாந்திலிருந்து ‘ஜாவா’ என்னும் கப்பலில் வந்தன. 1812-இன் இறுதியில் அமெரிக்கக் கப்பல் ஒன்றோடு நிகழ்ந்த போரில் ஜாவா அழிய, வரைபடமும் போயிற்று. மறுபடி எடுத்து இன்னொரு முறை அனுப்பிய பின்னரே வேலை நடந்தது. தாளில் இருந்தமையால் இரண்டாம் படி எடுக்க முடிந்தது. ஓடாவியின் பலகை அடுப்பெரிந்தால் எங்கிருந்து படி எடுப்பது? டிரிங்கோமலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பக்கப் பலகைக்கு அயினியும் தேக்கும், வளைந்த சட்டங்களுக்கு இயல்பிலேயே வளைந்து வளர்ந்த வாகையும் வேம்பும் பூவரசும் ஏற்றவை. நேர்மரத்தை அறுத்து வளைவாக்கினால் நார் குறுக்கே அறுபட்டு வலு குன்றும். எனவே காட்டில் நிற்கும் கிளையிலேயே சட்டத்தைக் கண்டெடுப்பது தச்சரின் திறம். எந்திரத்தில் வெட்டிய பெட்டிச் சட்டம் இதனைக் காட்டாது. காட்ட வேண்டிய தேவையும் மாதிரிக்கு இல்லை.

உண்மையான இடர் குறிப்பேட்டில் தொடங்குகிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணும் பெயரும் இட்டு, ‘இதனை அதனோடு பொருத்துக’ என்று தமிழில் எழுதவேண்டும். முன்னர் ‘முதுகெலும்பு’ என்றும் ‘விலா’ என்றும் சொன்னவை உவமைகள் மட்டுமே. தமிழில் அவற்றிற்குப் பெயர் இல்லாமலில்லை. அடிக்கட்டை ஏரா, விலாச்சட்டம் வங்கு. கலத்தின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம், பின்னின்று திசைதிருப்புபவன் அமரக்காரன். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பாயை இழுத்துக்கட்டும் கயிறு தாமான். பெருவடம் ஆலாத்து. பலகை இடுக்கில் பஞ்சு திணித்து நீர் புகாமல் அடைப்பது கலப்பத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இத்தகைய பல சொற்களைக் கப்பல்துறைச் சொல் என்னும் குறியிட்டுப் பதிவு செய்துள்ளது. 1950-இல் அச்சேறிய ‘கப்பல் சாத்திரம்’ என்னும் சுவடியோ, ஏராவின் அளவையும் அவ்வளவால் விளையும் நன்மை தீமைகளையும் பேசுகிறது. சாதகம் பார்ப்பதுபோல் தோன்றினும், அளவு ஒரு மரபாகப் பேணப்பட்டது என்பதற்கு அது சான்று.

இச்சொற்களில் தூய தமிழ் எவை என்று கேட்கும் ஆர்வம் தமிழறிந்த அவையில் எழாமல் இராது. நங்கூரம் பாரசீகத் தொடர்புடையது. சுக்கான் அரபுச்சொல். கலப்பத்தின் உறவுகள் அரபிலும் போர்ச்சுகீசியத்திலும் உள்ளன. சங்கப் புலவர்கள் பாய்மரத்தைக் கூம்பு என்றும் பாயை இதை என்றும் வழங்கினர். அச்சொற்களை மீட்டெடுத்துக் குறிப்பேட்டில் இட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது தோணியின் குறிப்பேடாக இராது. தோணியில் வேலை செய்தவர் வாயில் வழங்கிய சொல் எதுவோ அதுவே அவ்வுறுப்பின் பெயர். அரபுநாட்டு மாலுமியும் போர்ச்சுகீசியத் தச்சரும் பரதவரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்த வரலாறு அச்சொற்களில் முடிச்சிட்டுக் கிடக்கிறது. அம்முடிச்சை அவிழ்ப்பது ஆய்வு. அறுப்பது வேறு வேலை.

படைப்பிலக்கியம் இப்பணியில் ஒரு பங்கை ஆற்றியுள்ளது. வள்ளத்தை லாஞ்சு நெருக்கிய காலத்தை வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) காட்டியது. தோணி வணிகத்தின் எழுச்சியையும் சரிவையும் ஜோ டி குருஸின் ‘கொற்கை’ (2009) விரித்தது. 2013-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிட்டிற்று. நாவலில் ஒரு சொல் உணர்ச்சியோடு வாழும். ஆயினும் அச்சொல் குறிக்கும் மரத்துண்டு எவ்வளவு நீளம், எதனோடு இணைகிறது என்பதை நாவலிடம் கேட்பது முறையாகாது. அதனைச் சொல்ல வேண்டியது மாதிரி.

தமிழ்க்கரைக் கலம் மாதிரியாக ஆனதே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த பாரிஸ் என்பார் (நகரத்தின் பெயரே இவர்க்கும்) 1830-களில் உலகைச் சுற்றிய பயணங்களில் சோழமண்டலக் கரையின் தோணியையும் சலங்கையும் கட்டுமரத்தையும் அளந்து வரைந்தார். 1871 முதல் பாரிஸ் நகரத்துக் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக அமர்ந்து, தம் வரைபடங்களைக் கொண்டு உலகின் பல்வகைக் கலங்களுக்கும் மாதிரிகள் செய்வித்தார். தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளின் மேற்பார்வையாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தம் அலுவலுக்கு வெளியே இந்தியப் படகுகளை ஆராய்ந்து 1920-இல் பெருங்கட்டுரை வெளியிட்டார். அயலவர் இருவரும் செய்தது அளந்ததும் கேட்டதும் எழுதியதும்தாம். அவை எவருக்கும் இயலாத செயல்கள் அல்ல.

அக்கரையிலும் ஒரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். அது வல்வெட்டித்துறை மாலுமிகளோடு சூயசைக் கடந்து, அட்லாண்டிக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. தமிழ் ஓடாவியின் வளைவு எந்தக் கடலையும் தாங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஒரு மாதிரிக்கு இதனினும் சிறந்த கப்பலும் வேண்டா.

எனவே முதலில் வேண்டுவது மரமோ பசையோ அன்று. பழைய துறைமுகத்தில் நிற்கும் தோணி ஒன்றை வங்கு வங்காக அளக்க வேண்டும். முதிய ஓடாவிகளிடமும் பாயோட்டிய மாலுமிகளிடமும் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக்காட்டச் செய்து பெயர் கேட்க வேண்டும். பொறித்தோணியில் பருமல் இல்லை, தாமான் இல்லை. அவற்றைக் கையாண்டவர் நினைவில் மட்டுமே அவை இருக்கின்றன. அவர்களுள் இளையவரே இன்று முதியவர். அளப்பதற்குப் பொறியியல் மாணவர் கிடைப்பர். கேட்டெழுதுவதற்குத் தமிழ் மாணவர் போதும்.

சில முடிவுகள் அப்போதே எடுக்க வேண்டியவை. பாக்கு நீரிணைப் பகுதியில் இந்துக்களின் தோணிகள் சிலவற்றில் அணியத்தின் இருபுறமும் கண் பொறித்திருந்ததை ஹார்னெல் குறித்துள்ளார். பரதவர் தோணிக்கோ சிலுவை அடையாளம். தூத்துக்குடி மாதிரிக்கு எதனை இடுவது என்பதில் குழப்பமிராது. பெயர்களில்தான் குழப்பம். கால் அங்குல விகிதத்தில் ஆள் ஒருவனின் உயரம் ஒன்றேகால் அங்குலத்திற்குச் சற்று மிகும். அவ்வுயரத்தில் தோணித் தலைவனின் உருவம் ஒன்றைச் செதுக்கித் தளத்தில் நிறுத்தலாம். தூத்துக்குடியில் அவன் பெயர் தண்டல், வல்வெட்டித்துறையில் தண்டையல். குறிப்பேட்டில் இரண்டும் அச்சாக வேண்டும், எது எந்தக் கரையின் சொல் என்னும் குறிப்போடு.