வீட்டு விலங்கும் ஒரு பாடம்தான்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகச் சவளக்கடையில் நடைபெற்ற இளைஞர் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரை)

 



நாங்கள் மூவரும் சவளக்கடையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்லூரிக்கு வந்து படித்தவர்கள். ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. பின்னாளில் ஒருவர் பேராதனையில் மிருக வைத்தியம் படித்தார். ஒருவர் வந்தாறுமூலையில் விவசாயம் படித்தார். ஒருவர் ஊரிலேயே விஞ்ஞான ஆசிரியையானார். இவ்வுரையை மூவரும் சேர்ந்தே எழுதினோம்.

முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். அது ஒரு மாரி காலம். எங்களில் ஒருவர் ரோட்டோரத்து நாய்க்குட்டி ஒன்றுக்கு வீட்டுக்குத் தெரியாமல் சோறு வைத்து வந்தார். ஒரு நாள் அது அவரது கையைக் கடித்துவிட்டது. வீட்டில் சொன்னால் குட்டியை அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்ற பயத்தில் மற்ற இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். நாங்களும் வாய் திறக்கவில்லை. காயத்துக்குக் கோப்பித்தூள் அப்பித் துணி சுற்றியதும் நாங்கள்தான்.

அடுத்த நாள் வகுப்பில் டீச்சர் அந்தத் துணியைக் கண்டுவிட்டார். ஏசவில்லை. பைப்படிக்குக் கூட்டிப்போய், சவர்க்காரம் போட்டு, அடுத்த பாடத்துக்கு மணி அடிக்கும் வரை கழுவினார். பிறகு தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போடும் நாட்களில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. நாங்கள் தோணியில் வர, டீச்சர் அக்கரையில் குடையுடன் காத்து நிற்பார். குட்டி நாலாம் நாள் செத்துப்போயிற்று.

கடிபட்டவர் எங்களில் யார் என்று சொல்லப்போவதில்லை. டீச்சர் அந்தத் துணியைக் காணாமல் விட்டிருந்தால் இன்று இம்மேடைக்கு இருவர் மட்டுமே வந்திருக்கக்கூடும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற மருந்தில்லை. அறிகுறி தோன்றுமுன் கழுவி ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றியதிலிருந்து உலகம் அறிந்த உண்மை இது. எங்கள் மூவருக்கும் அது தெரியாது. மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள் உண்டு என்பது தெரியும். கடித்த நாயைப் பற்றி எதுவும் தெரியாது.

இந்த இடைவெளி பாடசாலையோடு முடியவில்லை. பல்கலைக்கழகத்திலும் மாடு, ஆடு, கோழிக்கே முதலிடம் கிடைத்தது. வயலும் பாலும் தயிரும் சோறு போடும் மாகாணத்தில் அது நியாயமே. ஆனால் மாட்டுக்குப் பட்டி உண்டு, கோழிக்குக் கூடு உண்டு. பூனையோ நம் பாயில் படுக்கிறது. நாயோ நம் பிள்ளையின் கையை நக்குகிறது. இவற்றைப் பற்றிய அறிவு, நாய் பூனை வளர்க்கும் பணக்காரருக்கு மட்டும் உரியதல்ல.

பல்கலைக்கழக மாணவர்களே, துணை விலங்கியலில் உணவு, இனப்பெருக்கம், நடத்தை, நோய், நலன் என்ற ஐந்தும் அடங்கும். 1965இல் பிரித்தானியாவில் பண்ணை விலங்குகளைப் பற்றி வெளிவந்த பிரம்பெல் குழு அறிக்கையிலிருந்து வளர்ந்தவை ‘ஐந்து சுதந்திரங்கள்’: பசி தாகமின்மை, வசதிக்குறைவின்மை, நோவும் நோயுமின்மை, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, அச்சமின்மை. இவற்றை மனனம் செய்து பரீட்சை எழுதிவிடலாம். உங்கள் தெருவில் கயிற்றில் கட்டப்பட்டிருக்கும் ஒரு நாயின் முன் நின்று, இந்த ஐந்தில் எத்தனை அதற்குக் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் செய்முறைப் பரீட்சை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஆய்வுகூடம் வேண்டாம். ஒரு கொப்பி போதும். உறங்கும் பூனையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஆரோக்கியமான பூனைக்குப் பெரும்பாலும் முப்பதைத் தாண்டாது. ஏழு நாள் தொடர்ந்து எழுதினால், எட்டாம் நாள் அதற்குச் சுகமில்லை என்பதை வீட்டில் முதலில் அறிபவர் நீங்களாகவே இருப்பீர்கள்.

பூனைக்குச் சோறும் பாலும் மட்டும் போதாது. அது மாமிச உண்ணி. டோரின் என்ற சத்து மீனிலும் இறைச்சியிலுமிருந்து கிடைக்காவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும். காய்ச்சல் என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு மருந்தாகும் அந்த ஒரு குளிசை பூனையைக் கொன்றுவிடும். கர்ப்பிணித் தாய்மார் பூனையின் மலத்தைத் துப்புரவு செய்யக்கூடாது. அதிலுள்ள ஒட்டுண்ணி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை, அந்த வேலையை வேறொருவர் செய்தால் போதும்.

நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கோப்பித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் முதல், வீட்டில் சொல்லுங்கள்.

பெற்றோரே, பிள்ளை சொல்ல வேண்டுமானால் நீங்கள் தடி எடுக்கக்கூடாது. விசர் நோயினால் இறப்போரில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாயை அடித்துக் கொல்வதால் நோய் ஒழியாது; ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி ஏற்றினால்தான் நோய் பரவாமல் நிற்கும்.

நம் வீடுகளில் நாய் வளர்ப்பதில்லையே என்று சிலர் கேட்கலாம். வளர்ப்பது வேறு, இரங்குவது வேறு. பூனையைப் பட்டினி போட்ட பெண்ணின் கதையையும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்து மன்னிப்புப் பெற்றவரின் கதையையும் நாம் மத்ரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். அயலிலுள்ள தமிழ்ப் பிள்ளைகள், நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புகமாட்டேன் என்ற தருமரின் கதையைக் கேட்டு வளர்கிறார்கள். இரக்கம் இரு பக்கத்திலும் உண்டு. அதற்குத் துணையாக அறிவையும் கொடுப்பதே நம் வேலை.

உலகெங்குமுள்ள பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக்குக் கட்டடம் கட்டுவோம், நல்லது. அதோடு நீங்கள் இருக்கும் ஊரில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கடிபட்டால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். எங்கள் டீச்சர் அன்று செலவழித்தது ஒரு சவர்க்காரத் துண்டும் ஒரு பாட நேரமும்தான்.