நெசவூர்களின் முதுமையும் செயல்வழிச் சிகிச்சையும்

 செய்யாற்றிலிருந்தும் ஆரணியிலிருந்தும் வந்திருக்கும் நெசவாளர்கள் முன்னிலையில், இந்த உரையில் நான் நிறுவ முயல்வது ஒரே ஒரு கருத்தை. தமிழ்நாட்டில் முதியவர்களுக்கான மருத்துவம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, காலையில் எழுந்ததுமுதல் இரவு படுக்கும்வரை நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள், எதைச் செய்ய முடியாமல் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கும் ஆள் அந்த ஏற்பாட்டில் இல்லை. அப்படிக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட துறை ஒன்று உண்டு. மருத்துவமனைப் பலகைகளில் ஆக்குபேஷனல் தெரபி என்று எழுதியிருப்பார்கள். இங்கே செயல்வழிச் சிகிச்சை என்று சொல்கிறேன். நெசவூர்களுக்கு அது வசதி படைத்தவர்கள் வாங்கிக்கொள்ளும் கூடுதல் சேவை அல்ல. ரத்த அழுத்த மாத்திரையைப் போல அடிப்படைத் தேவை என்பதே என் வாதம்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தொட்டவர்களும் கடந்தவர்களும் நூற்றுக்குப் பத்துப் பேர் சொச்சம். 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம் என்கிறது மத்திய அரசின் மதிப்பீடு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இதை எதிர்கொள்ள நாம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1978-இலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பேராசிரியர் வ.செ. நடராசன் முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. மகளிர் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் போகிறார்கள். ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், வலிதணிப்புக்கு ஒரு செவிலியர் என்று ஏற்பாடும் இருக்கிறது. பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் அந்த வருகையில் பதிவேட்டில் ஏறுவது பெரும்பாலும் இரண்டு எண்கள்: அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு. இரண்டும் கட்டுக்குள் இருக்கும் ஒருவர் ஆறு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காமல் இருக்கலாம். பதிவேட்டின்படி அவர் நலமாக இருப்பவர். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட முதுமை பற்றிய அறிக்கை இந்த அளவுகோலையே மாற்றச் சொல்லிவிட்டது. நோய் இல்லாதிருப்பதல்ல, தாம் மதிக்கும் காரியங்களைச் செய்யும் திறன் நிலைத்திருப்பதே நலமான முதுமை என்பது அதன் நிலைப்பாடு.

நெசவாளர் வீட்டில் இந்தத் திறன் எப்படிக் கழன்றுபோகிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். குழித்தறியில் உட்கார்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்கிறார். ஒரு கை நாடாவை ஓட்டுகிறது, மறு கை அச்சை இழுத்து அடிக்கிறது, கண் அறுந்த இழையைத் தேடுகிறது. நாற்பது ஆண்டு இப்படி இருந்தவருக்கு முதலில் போவது நெய்யும் திறமை அல்ல. குழியிலிருந்து எழுந்திருக்கும் திறமை. முழங்கால் தேய்ந்தவர் ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏற யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கூச்சப்பட்டு இறங்குவதையே நிறுத்திவிடுகிறார். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு எந்தக் கட்டையை மிதிக்கிறோம் என்பதே தெரிவதில்லை. கண்ணாடியின் பவர் மாறியிருக்கும், தறிக்கு மேலே தொங்கும் விளக்கு மாறாமல் மங்கியபடியே இருக்கும். வீட்டுக் கூடத்திலேயே தறி இருப்பதால் இன்னோர் ஆபத்தும் உண்டு. இரவில் கழிப்பறைக்குப் போகிறவர் அந்தத் திறந்த குழியின் ஓரமாகத்தான் நடந்து போகிறார். பலகை போட்டு மூடாத குழி, உயர்ந்த நிலைப்படி, பாசி பிடித்த புழக்கடை, உட்கார்ந்தால் எழ முடியாத கழிப்பறை என்று எல்லாமே எந்த ஸ்கேனிலும் தெரியாத நோய்க்காரணங்கள்.

இதற்குத்தான் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரே என்று கேட்பார்கள். அவர் வேண்டியவர், சந்தேகமில்லை. முழங்காலின் பலத்தையும் மடங்கும் அளவையும் அவர் மீட்டுத் தருகிறார். மீட்ட முழங்காலைக் கொண்டு இவர் எதைச் செய்யப் போகிறார் என்பது அடுத்த கேள்வி. அதில் ஆள், வேலை, இடம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆளைத் திருத்த முடியாவிட்டால் வேலையை மாற்றலாம், வேலையை மாற்ற முடியாவிட்டால் இடத்தை மாற்றலாம். குழிக்கு மேலே உத்தரத்திலிருந்து ஒரு பிடிகயிறு, குழியோரத்தில் உயர்த்திக் கட்டிய இருக்கை, தறி ஓடாத நேரத்தில் குழியை மூடப் பலகை, கழிப்பறைச் சுவரில் கைப்பிடி ஆகியவை ஒரு தச்சரும் ஒரு கொத்தனாரும் ஒரு நாளில் முடிக்கும் வேலைகள். இவருக்கு எது, எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று முடிவு செய்வதுதான் படிப்பு.

இந்தச் சிந்தனை நமக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. ஆரணிக்குப் பக்கத்திலேயே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், 1940-களின் இறுதியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். கை நிமிர்ந்தது, வாழ்க்கை நிமிரவில்லை. ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. முன்பு கையைக் காட்டிப் பிச்சை எடுத்தவருக்கு அதுவும் போயிற்று. அறுவைச் சிகிச்சை பாதிதான் என்பதை உணர்ந்த அவர் 1951-இல் கல்லூரி வளாகத்திலேயே புதுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கித் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். உணர்ச்சியற்ற கையைப் புண்ணாக்காத கருவிகளைத் தேடுவதும் அந்த முயற்சியில் சேர்ந்துகொண்டது. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. கையைச் சரிசெய்தால் போதாது, கைக்கு வேலையும் அமைய வேண்டும் என்பது நம் வட்டாரத்திலேயே கண்டறிந்த பாடம். அதை முதியவர்களுக்குப் பொருத்திப் பார்க்காமல் விட்டதுதான் குறை.

பொருத்திப் பார்த்தால் பலன் உண்டா? 1997-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு இதில் முதன்மையானது. பிறரைச் சாராமல் வாழும் 361 முதியவர்களை மூன்று குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் செயல்வழிச் சிகிச்சையாளர்கள் ஒன்பது மாதம் அன்றாட வாழ்க்கையைத் திருத்தி அமைத்துக்கொள்ளக் கற்றுத் தந்தார்கள். இரண்டாம் குழுவுக்குக் கைவேலை, திரைப்படம், விளையாட்டு என்று பொழுதுபோக்கு. மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. முதல் குழுவில் உடல்நலம், மனநலம், அன்றாடச் செயல்திறன் ஆகியவற்றின் பல அளவீடுகள் மேலோங்கின. நாம் நின்று கவனிக்க வேண்டியது இரண்டாம் குழுவை. பொழுதுபோக்கு பெற்றவர்கள், ஒன்றுமே பெறாதவர்களைவிட மேலாக இல்லை. முதியோர் மன்றம் ஒன்றைத் திறந்து, கேரம் பலகையும் தொலைக்காட்சியும் வாங்கி வைத்து, ரிப்பன் வெட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் நகராட்சிகள் படிக்க வேண்டிய முடிவு இது. எந்த வேலையானாலும் சரி என்பதில்லை. அவரவர் வாழ்க்கையிலிருந்து எடுத்த, அவருக்குப் பொருள் உள்ள வேலையாக இருக்க வேண்டும்.

எதிர்ச்சான்றும் இருக்கிறது, அதை மறைத்தால் வாதம் நிற்காது. இதே முறையைப் பிரிட்டனில் ஷெஃபீல்டிலும் பாங்கரிலும் சோதித்து 2017-இல் வெளியிட்டபோது, முக்கிய அளவீடான மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. என் கணிப்பு என்னவென்றால், ஏற்கெனவே ஓரளவு நன்றாக இருப்பவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் தெரியாது. இழந்துகொண்டிருப்பவருக்குக் கொடுத்தால்தான் தெரியும். விழுதல் பற்றிய சான்றுகள் இந்தக் கணிப்புக்குத் துணை நிற்கின்றன. 2023-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, வீட்டிலுள்ள ஆபத்துகளைக் களைவது முதியவர்கள் விழும் எண்ணிக்கையை மொத்தத்தில் 26 சதவீதம் குறைக்கிறது. ஏற்கெனவே விழுந்தவர்கள் போன்று ஆபத்து மிகுந்தவர்களை மட்டும் எடுத்தால் குறைவு 38 சதவீதம். ஆபத்தைப் பார்க்காமல் எல்லாருக்கும் செய்தால் பலன் தெரியவில்லை. பால்டிமோரில் வருமானம் குறைந்த 300 முதியவர்களிடம் செய்து 2019-இல் வெளியான சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஐந்து மாதத்தில் செயல்வழிச் சிகிச்சையாளர் ஆறு முறைவரையும் செவிலியர் நான்கு முறைவரையும் வீட்டுக்குப் போனார்கள். வீட்டைப் பழுதுபார்க்க ஒரு கைவினைஞரும் உடன் இருந்தார். என்ன வேண்டும் என்பதை முதியவரே சொன்னார். அன்றாட வேலைகளில் இருந்த சிரமம், ஒப்பீட்டுக் குழுவைவிட 30 சதவீதம் குறைந்தது. செய்யாற்றில் வீடு வீடாகப் போவதற்குத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா, குளிக்கவும் கழிப்பறைக்கும் துணை வேண்டியிருக்கிறதா என்ற இரு கேள்விகளை அவர்களின் பதிவேட்டில் சேர்த்தாலே யாரை முதலில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இனி ஒரு கடுமையான ஆட்சேபம், நெசவாளர்களிடமிருந்தே வருவது. "வாழ்நாள் முழுக்கத் தறியில் உடம்பை உருக்கினோம், கடைசிக் காலத்திலாவது ஓய்வு வேண்டும். மறுபடி வேலை செய்யச் சொல்வதற்கு ஒரு சிகிச்சையா?" நியாயமான கோபம். குறைந்த கூலிக்கு முதியவர்களைத் தார் சுற்ற உட்கார்த்தி வைக்க இந்தத் துறை ஒரு சாக்காகிவிடக் கூடாது. எந்தச் செயலைத் தொடர்வது, எதை விடுவது என்பதை முதியவரே தீர்மானிக்க வேண்டும். கூலி கிடைக்கும் வேலையென்றால் முழுக் கூலி கொடுக்க வேண்டும். ஒருவருக்கு அது தறியாக இருக்கலாம், இன்னொருவருக்குப் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, மற்றொருவருக்கு வேதபுரீஸ்வரர் கோயிலுக்குத் தனியாக நடந்து போய்வருவது. ஓய்வு என்பது விருப்பப்பட்டு எடுப்பது. எழ முடியாததால் வாய்ப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது. பெண்கள் விஷயத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். ராட்டை சுற்றி, சமைத்து, தண்ணீர் சுமந்தவருக்கு யாரும் ஓய்வு வயது அறிவித்ததில்லை. அவருக்குச் செயல்வழிச் சிகிச்சை என்பது வேலையைக் கூட்டுவதாக அல்ல, அடுப்படியின் உயரத்தை மாற்றிச் சுமையைக் குறைப்பதாகவே இருக்கும்.

வீட்டில் மருமகள் பார்த்துக்கொள்வாள் என்பது மற்றொரு பதில். செய்யாறு சிப்காட் வந்த பிறகு அந்த மருமகள் விடியற்காலையில் காலணித் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடுகிறாள். அவள் சம்பாதிப்பதைக் குறை சொல்வதற்கு எனக்கு மனமில்லை. பகல் முழுவதும் வீட்டில் இருப்பது முதியவர் மட்டும்தான் என்பதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுவதே அறிவு.

ஆள் எங்கே என்பது கடைசிக் கேள்வி. சிகிச்சையாளர்கள் குறைவு, இருப்பவர்களில் பலர் நகரங்களில் குழந்தைகளுக்கான மையங்களில் பணிபுரிகிறார்கள். ஆனால் இந்தப் படிப்பைக் கற்பிக்கும் கல்லூரிகள் வேலூரிலும் காட்டாங்கொளத்தூரிலும் இருக்கின்றன; இரண்டுக்கும் நடுவே நம் ஊர்கள் இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் இத்துறையைத் தனிப் பிரிவாக ஏற்றிருக்கிறது. படித்தவர் இருந்தும் ஒன்றியத்தில் பணியிடம் இல்லாததால்தான் அவர் சென்னைக்குப் போகிறார். செய்யாறு, ஆரணி ஒன்றியங்களில் தலா ஒரு பணியிடமும், அவரோடு அனுப்ப ஒரு தச்சருக்கான கூலியும், பலகைக்கும் கைப்பிடிக்குமான செலவும் கேட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் ஒன்று உண்டு: இன்று வீட்டுக்குப் போனதும் தறிக்குழியைப் பலகை போட்டு மூடுங்கள்.